‘என் மெஷின்ல ஓடுதே சார்!’

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். கடலூர் முதுநகரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். புடவைத் தலைப்பு மூக்குக்குப் போகும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை முகத்தைச் சுளிக்கும். ‘சிப்காட்’ என்று கண்டக்டர் குரல் கொடுக்கவே வேண்டாம். மூக்கே சொல்லிவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பத்து நிமிஷத் தொல்லை. ஊர் தாண்டினால் மறந்துவிடும். ஆனால், குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் மாதிரி ஊர்களில் குடியிருப்பவர்கள் எந்த ஷட்டரை இறக்குவது? 1980-களில் உப்பனாற்றங்கரையில் ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர்களுக்கு அது வீட்டுக்குள் வந்து போகிற விருந்தாளி.

புகார் கொடுக்காமலா இருந்தார்கள்? கொடுத்தார்கள். ஆனால், நெடி ராத்திரி இரண்டு மணிக்கு வரும். விசாரிக்க ஆள் வருவதற்குள் விடிந்து, காற்று திசை மாறி, எல்லாம் கலைந்து போயிருக்கும். ‘இப்ப ஒண்ணும் இல்லையே!’ அத்தோடு புகார் முடிந்தது.

2004-ல் அந்த ஊர் மக்கள் சிலர், சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் உதவியோடு ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். கோஷம் போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்கள். நெடி வந்த தேதி, மணி, இடம், காற்று அடித்த திசை, நெடி எதைப்போல இருந்தது, உடம்பை என்ன செய்தது - எல்லாம் எழுதினார்கள். அடுத்த கட்டமாக ஒரு வாளியைத் தூக்கினார்கள். நம் வீட்டுப் பிளாஸ்டிக் வாளி மாதிரிதான். உள்ளே ஒரு விசேஷப் பை. நெடி வரும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பையில் காற்றைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியது. 1990-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த மக்களுக்காக உருவான மலிவான கருவி அது. அங்கேயும் அதிகாரிகளின் மீட்டர் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கடலூர் வாளியில் என்ன அகப்பட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சாஃப்ட்வேர் கதை சொல்ல வேண்டிய வாரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அந்த நோட்டுப் புத்தகம்தான். எப்போது, எங்கே, எந்தச் சூழ்நிலையில், என்ன ஆச்சு? சாஃப்ட்வேர் கம்பெனிகளில் தவறு கண்டுபிடிக்கிறவர்கள் எழுதுகிற அறிக்கையிலும் இதே கேள்விகள்தான். அவர்களும் இதே மாதிரி ஒரு பதிலோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர்கள். அந்தப் பதில் உலகப் பிரசித்தம்.

‘என் மெஷின்ல ஓடுதே சார்!’

*

கம்ப்யூட்டர் தவறுக்கு ‘பக்’ என்று பெயர். பூச்சி. 1947 செப்டம்பர் 9-ம் தேதி, ஹார்வர்டின் ‘மார்க் 2’ கம்ப்யூட்டருக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்து டைரியில் டேப் போட்டு ஒட்டினார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி கண்டுபிடித்தார், அதிலிருந்துதான் ‘பக்’ என்ற வார்த்தையே வந்தது என்று பாடப் புத்தகம் வரை கதை பரவிவிட்டது. இரண்டுமே சரியில்லை. ஹாப்பர் அந்தக் குழுவில் இருந்தார், கதையைச் சுவையாகச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவுதான். எடிசன் 1878-லேயே தன் கருவிகளின் கோளாறுகளை ‘பக்’ என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பூச்சி நல்ல பூச்சி. கண்ணுக்குத் தெரிந்தது. பிடித்து ஒட்ட முடிந்தது. பின்னால் வந்த பூச்சிகள் அப்படியில்லை. அவை ஒரு ஆளின் வேலைக்குள் இருப்பதில்லை. இரண்டு ஆட்களின் வேலைக்கு நடுவில் இருக்கின்றன.

புரியவில்லையா? கல்யாண சமையல் கட்டுக்கு வாருங்கள். பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது. தலைமைச் சமையல்காரர் அளவாக உப்பு போட்டுவிட்டு வெளியே போகிறார். உதவியாள் வந்து பார்க்கிறார். ‘அண்ணன் மறந்துட்டாரு போலிருக்கு’ என்று அவரும் அளவாக உப்பு போடுகிறார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் கதி? விசாரணை வைத்தால் இரண்டு பேரும் தாங்கள் சரியாகத்தான் உப்பு போட்டதாக சத்தியம் பண்ணுவார்கள். இரண்டும் நிஜம். சாம்பார் மட்டும் உப்புக் கரிக்கிறது.

1960-களின் நடுவில் ஐ.பி.எம். கம்பெனிக்கு இந்த அனுபவம் மிகப் பெரிய அளவில் கிடைத்தது. ‘ஓ.எஸ். 360’ என்ற சாஃப்ட்வேரை எழுத உட்கார்ந்தார்கள். வேலை தாமதமானது. ஆட்களைச் சேர்த்தார்கள். இன்னும் தாமதமானது. உச்சத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த ஃப்ரெட் புரூக்ஸ், பட்ட அடியையெல்லாம் வைத்து 1975-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: தாமதமாகிப் போன வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும்.

சும்மா கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேசித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 45 ஜோடிகள். ஆட்களை 50 ஆக்கினால்? 1,225 ஜோடிகள்! ஆள் ஐந்து மடங்கு. பேச்சு இருபத்தேழு மடங்கு. உப்பு இரண்டு தரம் விழ எத்தனை வாய்ப்பு!

1968 அக்டோபரில், ஜெர்மனியில் கார்மிஷ் என்ற மலையூரில், நேட்டோ அமைப்பின் ஆதரவில் உலக நிபுணர்கள் கூடி இதைப் பற்றி ஒரு வாரம் கவலைப்பட்டார்கள். ‘சாஃப்ட்வேர் நெருக்கடி’ என்ற பேச்சு பிரபலமானது அங்கேதான். வியாதிக்குப் பெயர் வைத்தாயிற்று. மருந்து?

*

மருந்தின் முதல் சொட்டு ஒரு மனிதரின் வீணாய்ப் போன காலைப் பொழுதிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். 1976. ஸ்டீவ் ஜான்சன் என்ற பெரிய புரோகிராமர், தன் புரோகிராமில் ஒரு தவறைத் தேடுகிறார், தேடுகிறார், காலை முழுக்கத் தேடுகிறார். கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், தவறை அவர் முன்பே திருத்திவிட்டார்! திருத்திய பகுதியை மெஷின் மொழிக்கு மாற்ற மறந்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்தது பழைய சரக்கு. அதாவது, சரியான புரோகிராமில் அரை நாளாகத் தவறு தேடியிருக்கிறார்.

கடுப்போடு பக்கத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனிடம் போய்ப் புலம்பினார். ஃபெல்ட்மேனும் அதே இம்சையை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அந்த வார இறுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தப் பகுதி மாறியிருக்கிறது, அதை நம்பி நிற்கும் மற்ற பகுதிகள் எவை என்று பார்த்து, தேவையானதை மட்டும் திரும்பக் கட்டுகிற ஒரு குட்டிப் புரோகிராம் பிறந்தது. பெயர் ‘மேக்’. மனிதன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதை மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தது அங்கேதான்.

இதில் ஒரு தமாஷ் உண்டு. ‘மேக்’குக்குக் கட்டளை எழுதும்போது சில வரிகளைக் கட்டாயம் ‘டேப்’ தட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். இடைவெளி விட்டால் ஏற்காது. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். இது தப்பான ஏற்பாடு என்று ஃபெல்ட்மேனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால், அதற்குள் சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். பாவம், அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு நண்பர்களுக்கு இரக்கம் காட்டியதால் அரை நூற்றாண்டாக லட்சக்கணக்கான புரோகிராமர்கள் டேப் தட்டி அவதிப்படுகிறார்கள்.

கட்டுவது தானாக நடக்க ஆரம்பித்தது. ஆனால், கட்டியது சரியா என்று பார்ப்பது? அதை ஆட்கள்தான் செய்தார்கள். அதுவும் வேலையெல்லாம் முடிந்தபிறகு, கடைசியில். தனித்தனி அறையில் ஆறு மாதம் எழுதிவிட்டு ஒரு நாள் எல்லாவற்றையும் ஒட்டுவார்கள். ஒட்டும் நாளில்தான் ரகளை.

கூட்டாகச் செய்த வேலையைக் கூட்டாகச் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996 ஜூன் 4-ம் தேதி வானத்தில் வாணவேடிக்கை நடந்தது. தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் புத்தம்புது ‘ஏரியான் 5’ ராக்கெட் கிளம்பியது. சுமார் 40 விநாடி. வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த 4 விஞ்ஞான செயற்கைக்கோள்களும் காலி. காரணம், பழைய ‘ஏரியான் 4’ ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட ஒரு சாஃப்ட்வேர் பகுதி. பழைய ராக்கெட்டில் அது ஒழுங்காக ஓடியது. புதியது இன்னும் வேகமானது. பெரிய எண் ஒன்று வந்தது. சின்னப் பெட்டிக்குள் அடங்கவில்லை. புதிய ராக்கெட் போகும் பாதையை வைத்து அந்தப் பகுதியை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. பழைய ராக்கெட்டில் ஓடியதே!

‘என் மெஷின்ல ஓடுதே சார்’ என்பதன் கோடிக்கணக்கான டாலர் வடிவம் இது.

*

கடலூரில் வாளி தூக்கிய அதே 2004-க்கு வருவோம். கலிஃபோர்னியாவில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில், கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானிய இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். ஆனால், அவசரக்காரர். அவர் எழுதியதைப் பொதுத் தொகுப்பில் சேர்த்ததும் அடிக்கடி மொத்தமும் நின்றுபோகும். சக ஊழியர்கள் அவர் மேஜைக்கு வந்து நிற்பார்கள். ‘நீதானே உடைச்சது?’ அவர்தான்.

தினம் தினம் இதைக் கேட்டுக் கேட்டு வெட்கமாகிவிட்டது. மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிட்டால் கமுக்கமாகச் சரிபண்ணிவிடலாமே என்று தோன்றியது. அதற்காக ஒரு புரோகிராம் எழுதினார். அது பொதுத் தொகுப்பைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது ஒரு வரி மாற்றினாலும் போதும், உடனே மொத்தத்தையும் கட்டும்; சோதனைகளை ஓட்டும்; உடைந்தால் உடைத்தவருக்குத் தகவல் சொல்லும். பெயர் ‘ஹட்ஸன்’. இங்கிலாந்துப் பணக்கார வீட்டு பட்லர்களின் பெயர் மாதிரி.

இந்த யோசனை முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. அடிக்கடி ஒட்டு, ஒட்டும்போதெல்லாம் சோதி என்று கென்ட் பெக், மார்ட்டின் ஃபௌலர் போன்றவர்கள் ஏற்கெனவே உபதேசம் செய்துகொண்டிருந்தார்கள். முன்னோடிக் கருவிகளும் இருந்தன. கவாகுச்சி அதை யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷத்தில் நிறுவிக்கொள்கிற மாதிரி எளிமையாக்கி, இலவசமாகக் கொடுத்தார். பரவிவிட்டது.

2010-ல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. ‘ஹட்ஸன்’ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. பெயர்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்று 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 214 பேர் பெயரை மாற்றச் சொன்னார்கள். 14 பேர் வேண்டாம் என்றார்கள். இன்னொரு பட்லர் பெயர் சூட்டப்பட்டது: ‘ஜென்கின்ஸ்’. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போனது. ஹட்ஸன் கொஞ்ச காலத்தில் ஓய்ந்துபோனது.

அதே 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் இன்னொரு வேலையைச் செய்தார். இணையப் பக்கத்தைத் திறந்து, கட்டத்தில் பெயர் அடித்து, பட்டனைத் தட்டி, பதில் சரியா என்று மனிதன் மாதிரியே சோதிக்கிற ஒரு கருவி. அந்தத் தொழிலில் அப்போது கொடிகட்டிப் பறந்த கம்பெனியின் பெயர் மெர்குரி. பாதரசம். பாதரச விஷத்துக்கு செலீனியம் முறிவு என்று யாரோ சொன்னதை வைத்து, கிண்டலாகத் தன் கருவிக்கு ‘செலீனியம்’ என்று பெயர் வைத்தார். சோதனை வேலைக்குப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் பயோடேட்டாவில் முதல் வரியாக எழுதுகிற சொல் அது.

அடுத்த வருஷம், 2005 ஏப்ரலில், லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தவித்துப்போனார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கானவர்களின் வேலையைக் கோத்துத் தர அவர் பயன்படுத்தியது ஒரு தனியார் கம்பெனியின் சாஃப்ட்வேர். சண்டை வந்து, இலவசமாகத் தந்த அனுமதியை அந்தக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. ஏப்ரல் 3-ம் தேதி வாக்கில் புதிதாக எழுத ஆரம்பித்தார் டோர்வால்ட்ஸ். 7-ம் தேதி ‘கிட்’ தன்னைத் தானே பராமரிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஆளிடமும் முழுத் தொகுப்பும் இருக்கும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். கடலூர் நோட்டுப் புத்தகத்தின் கம்ப்யூட்டர் அண்ணன்.

*

எல்லாம் சரி. யாராவது ஒரு வரி மாற்றினாலும் ஆயிரக்கணக்கான சோதனைகள் ஓட வேண்டுமென்றால் அத்தனை மெஷினுக்கு எங்கே போவது? ஐந்நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் பகல் 11 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ராத்திரி ஒன்றும் ஓடாது. அதோடு, முந்தின சோதனை போட்ட குப்பை மெஷினிலேயே கிடந்தால் அடுத்த சோதனை தப்பான பதில் சொல்லும். ஒவ்வொரு தரமும் கழுவித் துடைத்த புது மெஷின் வேண்டும்.

இங்கேதான் ‘கிளவுட்’ வருகிறது. மேகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அது தரையில், ஏ.சி. அறையில், அடுக்கி வைத்த சர்வர்கள்தான். ஒரு பெரிய மெஷினைப் பல குட்டி மெஷின்களாகப் பாவனை பண்ண வைக்கும் வித்தையை ஐ.பி.எம். 1960-களிலேயே கற்றுவைத்திருந்தது. கம்ப்யூட்டர் சக்தியை மின்சாரம் மாதிரி, குழாய்த் தண்ணீர் மாதிரி விற்கும் காலம் வரலாம் என்று ஜான் மெக்கார்த்தி என்ற விஞ்ஞானி 1961-லேயே பேசினார். 2006-ல் அமேசான் அதை நிஜமாகவே மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது.

பலருக்குத் தயக்கம். பாங்க் தன் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்குமா? ராணுவம் வைக்குமா? ஆஸ்பத்திரி வைக்குமா? வாடகை மேகம் வேண்டாம், ஆனால், அந்த வசதி வேண்டும். என்ன செய்வது?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே தயாராகிற மின்சாரம் பொதுக் கம்பியில் ஏறி எல்லோருக்கும் போகிறது. அது பொது மேகம். 2008-லிருந்து சில வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு போட்ட போட்டில், வசதியுள்ள தொழிற்சாலைகள் தங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே சொந்தமாக மின்சாரம் தயாரித்துக்கொண்டன. அதே மின்சாரம்தான், ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரியும். ஆனால், சாவி நம் இடுப்பில். அது தனி மேகம் - ‘பிரைவேட் கிளவுட்’. செலவும் பராமரிப்பும் நம் தலையில்தான், அது வேறு விஷயம்.

2008-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ‘யூகலிப்டஸ்’ என்ற பெயரில், அமேசான் பாணி மேகத்தைச் சொந்த சர்வர்களிலேயே கட்டிக்கொள்ளும் சாஃப்ட்வேரை வெளியிட்டார்கள். 2010 ஜூலையில் நாஸாவும் ராக்ஸ்பேஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து ‘ஓப்பன்ஸ்டாக்’ என்ற திட்டத்தை அறிவித்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சொந்த மேகத்தைக் கட்டிக்கொள்ளலாம். இலவசம். இந்திய அரசாங்கமும் 2014-ல் ‘மேகராஜ்’ என்ற பெயரில் தனக்கென்று மேகத் திட்டம் தொடங்கியது.

இந்த ஓப்பன்ஸ்டாக்கை எழுதியவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு சுவாரஸ்யமானது. பல நாடுகள், பல கம்பெனிகள், பரம எதிரிகள் கூட ஒரே தொகுப்பில் எழுதினார்கள். யாரை நம்புவது? ஒருத்தரையும் நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் வரியைத் தானே தொகுப்பில் சேர்க்க முடியாது. மற்றவர்கள் படித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மெஷின் காவலாளி அதை வாங்கிக்கொள்வார். அவருக்கு 2012-ல் வைத்த பெயர் ‘ஜூல்’. 1984-ல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் வாசல் காக்கும் பூதத்தின் பெயர். நம்ம ஊர் எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் அய்யனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அய்யனார் செய்யும் வேலை இது. மேகத்திலிருந்து புத்தம்புது மெஷின்களை வரவழைப்பார். வரிசையில் நிற்கிற மாற்றங்களைத் தனித்தனியாகச் சோதிக்க மாட்டார். முதல் ஆள் போட்ட உப்போடு சேர்த்து இரண்டாவது ஆளின் உப்பை ருசி பார்ப்பார். முதல் இரண்டோடு சேர்த்து மூன்றாவது. எல்லாம் ஒரே நேரத்தில், பல அண்டாக்களில். நடுவில் ஒன்று கெட்டால், அதை மட்டும் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்குத் திரும்பச் சோதனை. முடிந்ததும் மெஷின்களை அழித்துவிடுவார். கழுவுகிற வேலை கூட இல்லை.

இப்போது யாராவது ‘என் மெஷின்ல ஓடுதே சார்’ என்றால் பதில் சுலபம். ‘உன் மெஷின் கிடக்கட்டும் தம்பி. அய்யனார் என்ன சொல்றார்?’

*

இந்த அய்யனார் வந்ததில் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கவலையும் சேர்ந்தே வந்தது.

சிப்காட் என்பது 1971-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த நிறுவனம். கடலூரில் ரசாயன ஆலைகளுக்கு நிலம் கொடுத்த அதே சிப்காட்தான் பிற்பாடு சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் சாஃப்ட்வேர் பூங்காவும் அமைத்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பட்டம் வாங்கின பையனும் பெண்ணும் தங்கள் ஊர் சிப்காட்டைத் தாண்டி, பஸ் ஏறி, அந்த சிப்காட்டுக்குப் போனார்கள். பலருக்கு அங்கே முதல் வேலை ‘டெஸ்டிங்’. ஒரே திரை, ஒரே கட்டம், ஒரே பெயரை நாளைக்கு இருநூறு தடவை அடித்துப் பார்க்கிற வேலை. அலுப்புதான். ஆனால், மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் போகும். தங்கச்சி படிப்பாள்.

மெஷின் அந்த இருநூறு தடவையையும் காபி ஆறுவதற்குள் முடித்துவிடும். லீவு கேட்காது. கையால் தட்டிப் பார்க்கிற வேலை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடினார்கள். இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால், மெஷினால் முடியாத ஒன்று இருந்தது. அது என்ன என்பதை 2024 ஜூலை 19-ம் தேதி உலகமே பார்த்தது.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி, இந்திய நேரம் காலை 9.39-க்கு ஒரு சின்னத் திருத்தத்தை உலகெங்கும் அனுப்பியது. 78 நிமிஷத்தில் தவறு தெரிந்து வாபஸ் வாங்கிக்கொண்டது. அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு சுருண்டுவிட்டன. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகள் திண்டாடின. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

சோதிக்காமலா அனுப்பினார்கள்? இல்லை. சோதிக்கிற மெஷின் இருந்தது. அது பார்த்துவிட்டு ‘சரி’ என்றுதான் சொன்னது! புதிய திருத்தம் 21 பெட்டிகளில் தகவலை எதிர்பார்த்தது. ஓடுகிற சாஃப்ட்வேர் கொடுத்ததோ 20. இல்லாத 21-வது பெட்டியைத் திறக்கப் போய் எல்லாம் கவிழ்ந்தது. சோதனை மெஷினும் 21 இருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தது. அது சோம்பேறித்தனம் பண்ணவில்லை. கேட்டதைச் சரியாகப் பார்த்தது. கேட்க வேண்டியதை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

*

இப்போது கடலூர் வாளிக்கு வருவோம்.

2004-ல் அந்தப் பைகளில் பிடித்த காற்றை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் அகப்பட்டன. அவற்றில் சில புற்றுநோய் வரவழைக்கக்கூடியவை. அப்படியென்றால், அத்தனை வருஷமாக அதிகாரபூர்வமான மீட்டர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தன? அவற்றிடம் கொடுக்கப்பட்ட பட்டியலைப் பார்த்தன. அன்றைக்கு இந்தியாவின் காற்றுத் தரப் பட்டியலில் இருந்தவை மொத்தம் 7. தூசி, கந்தக டைஆக்ஸைடு, நைட்ரஜன் டைஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஈயம், அம்மோனியா என்று முடிந்துவிடும். பென்சீன் கூடக் கிடையாது. பட்டியலில் இல்லாததை மீட்டர் தேடாது. தேடாதது கிடைக்காது. கிடைக்காததால் ‘ஒண்ணும் இல்லையே!’

2009 நவம்பரில் அந்தப் பட்டியல் 12 ஆனது; பென்சீன் சேர்ந்தது. 2014-ல் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் தானியங்கிக் கருவிகள் வைத்து, இடைவிடாமல் அளந்து, ஆன்லைனில் அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. மேகராஜ் வந்த அதே வருஷம். சாஃப்ட்வேர்காரர்கள் செய்த அதே காரியம்தான் - சோதனையை மனிதன் கையிலிருந்து மெஷினுக்கு மாற்றியது. நல்ல காரியம். ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காத கருவி.

ஆனால், அந்தக் கருவிக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. எதை அளப்பது என்று யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பட்டியல். ‘இன்னொரு நெடி அடிக்குதே, இதையும் சேர்த்துக்குங்க’ என்று அதில் ஒரு வரி கூட்டச் சொல்ல, அந்தக் காற்றைச் சுவாசிக்கிற ஆள் வேண்டும்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு கடலூர்ப் பெண் இன்றைக்குக் கையால் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெஷின் தட்டட்டும். ‘21-வது பெட்டி இல்லேன்னா என்ன ஆகும் சார்?’ என்று கூட்டத்தில் எழுந்து கேட்பது அவள் வேலை. அவளுக்கு அது புதுசும் இல்லை. ஊரில், ராத்திரி இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில் நோட்டுப் புத்தகத்தில் மணியும் காற்றின் திசையும் எழுதினவர்களைப் பார்த்து வளர்ந்தவளாயிற்றே.